பின்பக்கத்து ஊசி

தோலில் ஓட்டை போடுவதற்கு முன்னால் லேசாக ஈரப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று வீடியோவில் வந்த வெள்ளைக்காரர் சொல்லியிருந்தார். லேசாக என்றால் எவ்வளவு என்று சொல்லவில்லை, முக்கியமான இடம் வரும்போதெல்லாம் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குத் தாவிவிடுகிறார் மனுஷன், என்று அலுத்துக்கொண்டே இன்னாசி ஈரத்துணியால் தோலின் ஓரத்தை ஒற்றினான். ஒற்றிய இடம் காப்பித்தூள் நிறத்துக்குக் கறுத்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்களிலிருந்து வெளுத்துப் பழைய நிறத்துக்குத் திரும்பியது. தண்ணீர் எங்கே போனது, உள்ளே போனதா, மேலே காற்றோடு போனதா, உள்ளே போனதென்றால் அந்தப் பக்கம் ஏன் ஈரமாகவில்லை, என்று திருப்பிப் பார்த்தான். இப்படி ஒன்றுக்கும் உதவாத கேள்விகளாகக் கேட்டே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை ஓட்டிவிடுவதில் அவனை அடித்துக்கொள்ளத் திண்டுக்கல்லில் ஆள் கிடையாது. வாரம் முழுக்கக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. ஞாயிறன்று பூசைக்குப் போய்வந்து, கறிச்சோறு சாப்பிட்டு, தெருவே குப்புறப் படுத்துத் தூங்குகிற நேரத்தில் இவன் ஹாலில் பழைய செய்தித்தாளை விரித்துத் தோலும் நூலுமாக உட்கார்ந்துவிடுவான். இதுவரை பர்ஸ் செய்திருக்கிறான், சாவிக்கு வார் செய்திருக்கிறான். இன்றைக்குச் செய்வது கத்திக்கு உறை, இரண்டாம் தடவையாக. பட்டறையில் சொல்லி அடித்த கறிக்கத்தி, சமையலறை இழுப்பறையில் மூடாமல் வெறுமனே கிடப்பது. போன மாதம் அவன் மனைவி பிலோமினா அந்த இழுப்பறைக்குள் கையை விட்டுத் தீப்பெட்டி தேடினாள். தேடி எடுத்து, அடுப்பைப் பற்றவைத்து, கடுகு தாளித்து, கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தபோதுதான் தண்ணீர் குடிக்க வந்த இன்னாசி பார்த்தான். கறிவேப்பிலை சிவப்பாக இருந்தது. பிலோ, கையில ரத்தம், என்றான். அவள் குனிந்து, யாருடைய கையையோ பார்ப்பதுபோலத் தன் வலது கையைப் பார்த்தாள். "அட, எப்பக் கிழிச்சுச்சுன்னே தெரியல" என்று சிரித்தாள். அவள் நர்ஸாக வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே தையல் போட்டுக்கொண்டு வந்தாள், காயம் ஆறியும்விட்டது. அன்றைக்கே உறை செய்துதருகிறேன் என்று இவன் வாக்குக் கொடுத்தான். ஆனால் எப்படித் தெரியாமல் போகும் என்கிற கேள்வி அன்றைக்கு வந்து உட்கார்ந்ததுதான், இன்னும் எழுந்துபோன பாடில்லை. இன்னாசி துணியைப் பிழிந்து பக்கத்தில் வைத்துவிட்டுக் குத்தூசியை எடுத்தான்.

தோல், பேகம்பூர் பக்கம் வெட்டுத்துண்டுகளை எடைக்குப் போடுகிற கடையில் வாங்கியது. ஆவாரம்பட்டையில் பதம்போட்டதாம், மோந்து பாருங்க சார் என்று கடைக்காரர் சொல்ல, இவனும் நடுக்கடையில் நின்று நாய் மாதிரி மோந்து பார்த்தான். மழைபெய்து ஓய்ந்த மரத்தடி வாசம். மாட்டுத்தோலுக்கு எப்படி மரத்தின் வாசம் வரும், பட்டையின் சாறு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டால் அது மாட்டுத்தோலா மரத்தோலா. கல்யாணப் பத்திரிகை அட்டையில் கத்தியை வைத்து வரைந்து, வெட்டி, அதைத் தோலின் மேல் வைத்துச் சுற்றிக் கோடு போட்டபோதுதான் அந்தத் தழும்பைப் பார்த்தான். தோலின் மேல்பக்கத்தில், மாடு உயிரோடு இருந்தபோது வேலிமுள்ளோ கம்பியோ கீறி ஆறிய கோடு, சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. தொடங்குகிற இடத்தில் ஆழமாக இருந்து, சட்டென்று மேலேறி, காணாமல் போயிருந்தது. அதை வெட்டித் தள்ளிவிடலாமா என்று யோசித்து, வேண்டாம், இருக்கட்டும், பார்க்க நன்றாயிருக்கிறது என்று உறையின் முன்பக்கத்தில் வருகிற மாதிரி வைத்துக்கொண்டான். கீறல்களைப் பற்றி அவனுக்குத் தெரியும். கடைக்கு வருகிற கண்ணாடிகளில் விழுந்த கீறலைப் பார்த்தே, இது சட்டைநுனியால் துடைத்தது, இது தரையில் விழுந்து சறுக்கியது, இது பையில் சாவியோடு கிடந்தது என்று சொல்லிவிடுவான், வாடிக்கையாளர்களும் ஏதோ கைரேகை பார்த்துச் சொன்னவனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்ப்பார்கள். மாட்டின் மேல் விழுந்த கீறல் ஏன் குட்டையாக இருக்கிறது. மாடு விலகியிருக்கும், அதனால்தான். முள் பட்டதும் உடம்பு துள்ளியிருக்கும், முள் அதற்குமேல் எங்கே எழுதும். சரி. அப்படியென்றால் பிலோமினாவின் கையில் ஏன் அவ்வளவு நீளம். சுண்டுவிரலின் அடியில் தொடங்கி உள்ளங்கையின் ஓரமாகவே இறங்கி மணிக்கட்டு வரைக்கும், ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி, ஆழம் மாறாமல், தடுமாறாமல். துள்ளிய கையில் இப்படி விழாது. இழுப்பறையில் கத்தியின் மேல் கையை வைத்து, தீப்பெட்டியைத் தேடி, பின்னால் தள்ளி, முன்னால் இழுத்து, நிதானமாக வெளியே எடுத்த கை அது. தையல் போட்ட டாக்டருக்கு இது தெரிந்திருக்குமா, தெரிந்தால் கேட்டிருப்பாரே, கேட்டால் இவள் என்ன சொல்லியிருப்பாள். சே, மத்தியானம் சாப்பிட்டது அதிகமாகிவிட்டது, அதுதான் புத்தி இப்படிப் போகிறது, என்று தலையை உதறிக்கொண்டு பசையை எடுத்தான்.

உறை செய்வதில் முக்கியம் நடுவில் வைக்கிற பட்டை. இரண்டு பக்கத் தோலுக்கும் இடையில், கத்தியின் கூர் வந்து இடிக்கிற ஓரத்தில், ஒரு விரல் அகலத்துக்குத் தோல்பட்டை ஒன்றை ஒட்டி, மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கத்தி போகும்போதும் வரும்போதும் தையல் நூலையே அறுத்துவிடும். இதையும் வெள்ளைக்காரர் சொல்லவில்லை, இன்னாசி பட்டுத்தான் தெரிந்துகொண்டான். முதலில் செய்த உறையைப் பெருமையாக மகளுக்குக் காட்டப்போய், கத்தியைச் செருகி உருவியதும் நூல் அறுந்து உறை வாய்பிளந்து நின்றது. மகள் அனிட்டா கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குத் திரும்புகிறவரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், அப்புறம் மனசு கேட்காமல் ஆன்லைனில் நல்ல குத்தூசி ஒன்று வாங்கி அனுப்பிவைத்தாள். இப்போது சைக்கிள் பஞ்சருக்குப் போடுகிற சொல்யூஷனைத் தடவி, ஊதி, பட்டையை வைத்து அழுத்தி, சுற்றிலும் துணி கிளிப்புகளை மாட்டினான். காய்கிறவரைக்கும் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் அவனுக்கு ஆகாத காரியம். சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அவள் தண்ணீரைத் திறப்பதும் மூடுவதும், எவர்சில்வர் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும். ஒரு டம்ளர் தொட்டியில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. வழுக்கியிருக்கும், சோப்பு. இவன் இங்கே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து விழுகிற டம்ளர்களைக் கணக்கெடுப்பதைப் பார்த்தால் அவள் என்ன நினைப்பாள். முன்பும் விழுந்திருக்குமே, எல்லார் வீட்டிலும் விழும். முன்பு விழுந்தபோது இவன் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

கிளிப்பை எடுத்துவிட்டு, முள்கரண்டியை ஓரத்தில் வைத்து அழுத்தினான். கரண்டியின் பற்கள் விட்ட புள்ளிகள் ஒரே இடைவெளியில் வரிசையாக நின்றன, இந்த யோசனை தனக்கே தோன்றியது என்பதில் அவனுக்கு இன்னமும் கொஞ்சம் கர்வம் உண்டு. புள்ளிகளில் குத்தூசியை வைத்து ஒவ்வொன்றாக இறக்கினான். மேல்தோல் சுலபம், நடுப்பட்டை முரண்டு பிடிக்கும், கீழ்த்தோலில் டப்பென்று வெளியே வரும். அப்படி வெளியே வந்த ஒரு முனை, அடியில் தாங்கிப் பிடித்திருந்த இடதுகைப் பெருவிரலில் ஏறிவிட்டது. ஸ் என்று கையை உதறி விரலை வாயில் வைத்துக்கொண்டான், ரத்தம் உப்புக்கரித்தது. வைத்த பிறகுதான் ஆச்சரியம் வந்தது. எது முதலில் நடந்தது. வலித்தது, அதனால் இழுத்தானா, அல்லது கை தானாக இழுத்துக்கொண்டது, வலி பின்னால் வந்து சேர்ந்ததா. யோசிக்க யோசிக்க, கைதான் முந்தியது என்று பட்டது. இவனைக் கேட்காமல், இவனிடம் சொல்லாமல், கை ஓடிவிட்டது, சேதி மட்டும் பிறகு வந்தது. இதை இன்னொரு தடவை பார்த்தாலென்ன. வயசுக்கு வந்த பெண்ணைப் பெற்ற ஆள், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் குத்தூசியால் தன்னைத்தானே குத்திப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் குத்திக்கொண்டான். வேண்டுமென்று குத்தும்போது கை ஓடவில்லை, முறுக்கிக்கொண்டு நின்றது. கண்ணை மூடிக்கொண்டு குத்தினான். அப்போது ஓடியது. தெரியாமல் படும்போதுதான் ஓடும் போலிருக்கிறது. இழுப்பறைக்குள் அவளுக்குத் தெரியாமல்தானே பட்டது. ஓடியிருக்க வேண்டும். அவளைக் கேட்காமல் அந்தக் கை ஓடியிருக்க வேண்டும். ஓடாத கைக்கு என்ன பெயர். இரும்புக் கை, என்று உடனே பதில் வந்தது, அது அவன் சொன்னதல்ல, ஊரே சொல்வது. அந்தோணியார் திருவிழாச் சாப்பாட்டுக்கு அண்டாவில் சோறு வெந்துகொண்டிருந்தபோது, துணி எங்கே துணி எங்கே என்று எல்லாரும் தேட, பிலோமினா வெறுங்கையால் மூடியைத் தூக்கிக் கீழே வைத்தாள். பங்குச்சாமியார் முதற்கொண்டு கைதட்டினார்கள். சிஸ்டரம்மாவுக்கு இரும்புக் கை என்று யாரோ சொன்னார்கள், அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்னாசியும் கடையில் போய் முதலாளியிடம் பெருமையடித்தான், எங்க வீட்டுல கொதிக்கிற பாலைக்கூட அப்படியே இறக்கிருவாங்க சார் என்று. அன்று ராத்திரி அவள் உள்ளங்கையில் ஒரு கொப்புளம் இருந்தது. அதையும் எல்லாரும் பார்த்தார்கள், அதற்கும் சேர்த்துத்தான் மெச்சினார்கள்.

சர்க்கரையாக இருக்கலாம். சர்க்கரை வந்தால் கால் மரத்துப்போகும், கை மரத்துப்போகும், கடைக்கு வருகிற வாத்தியார் ஒருவர் செருப்பு கழன்றதே தெரியாமல் தெருமுனை வரைக்கும் நடந்துபோனாராம். ஆனால் பிலோமினா பார்த்துவிட்டாள், சர்க்கரை இல்லை, பார்த்ததாக அவளே சொன்னாள். எதற்குப் பார்த்தாள், யாரும் பார்க்கச் சொல்லாதபோது. நூலில் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அப்புறம் மறுபடி தேய்த்தது. கழுத்தெலும்பில் நரம்பு அழுந்தினாலும் விரல் மரக்கும், அதற்குப் பட்டை போட்டுக்கொண்டு நடக்கிறார்கள், அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. அதுவாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அவன் கழுத்து நரம்பை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தான், ஆஸ்பத்திரியில் குனிந்து குனிந்து வேலை பார்க்கிறாள், தலையணை உயரம், இலவம்பஞ்சில் மாற்றிப்போட வேண்டும், என்று தலையணைக் கடை வரைக்கும்கூடப் போய்விட்டான். ஆனால் அடுத்த வார்த்தை வாசலில் வந்து நின்றுகொண்டே இருந்தது, இவன் அந்தப் பக்கம் பார்க்காமல் நூலைப் பார்த்தான், அது போகவில்லை. தொழுநோய். சொல்லிவிட்டான். வாய்விட்டுச் சொல்லவில்லை, இருந்தாலும் சொன்ன மாதிரி வாய் கசந்தது. சின்ன வயதில் கோவில் வாசலில் மடங்கிய விரல்களோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார், அம்மா அவருக்கு வாழைப்பழத்தைக் கையில் கொடுக்கமாட்டாள், ஒரு சாண் மேலிருந்து போடுவாள், அது அவர் மடியில் விழுகிற சத்தம். அந்தச் சத்தம் இவ்வளவு வருஷமாக எங்கே இருந்தது. பயந்துவிட்டான், அதை மறைப்பானேன். இத்தனைக்கும் இன்றைக்கு அது அப்படி ஒன்றும் தீராத வியாதி இல்லை, மாத்திரை இருக்கிறது, இலவசமாகக் கொடுக்கிறார்கள், ஒழுங்காகச் சாப்பிட்டால் போய்விடும், ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்வதும் இல்லை. இதெல்லாம் அவனுக்கு யார் சொன்னது. பிலோமினாதான் சொன்னாள். ஊர் ஊராக முகாமுக்குப் போய்த் தேமலைப் பார்த்து, தொட்டுப் பார்த்து, பயந்து அழுத பெண்களின் தோளைத் தட்டிச் சமாதானம் சொல்லி அனுப்பியவள் அவள். அப்படிப்பட்டவளுக்கு இது தெரியாமலா இருக்கும். தெரியாது என்றால் அது ஒரு மாதிரி. தெரியும் என்றால், இவ்வளவு நாளும் இந்த வீட்டுக்குள் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒருத்தி தனியாக அதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள் என்று ஆகிறது. இரண்டில் எது பரவாயில்லை என்று அவனால் தீர்மானிக்க முடியவில்லை.

நூலின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊசியைக் கோத்தான். தோல் தைப்பது துணி தைப்பது மாதிரி இல்லை. ஒரே ஓட்டைக்குள் இரண்டு ஊசியும் போக வேண்டும், முன்னாலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று, ஒன்று அறுந்தாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். முன்பக்கத்து ஓட்டை கண்ணுக்குத் தெரியும். பின்பக்கத்து ஓட்டை தெரியாது, ஒவ்வொரு தடவையும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். அதனால் ஆள்காட்டி விரலைப் பின்னால் விட்டுத் தடவ வேண்டும், குத்தூசி வெளியே வந்த இடத்தில் தோல் கடுகளவு மேடு தட்டியிருக்கும், விரல் அதில் போய் நிற்கும், நின்ற இடத்தில் ஊசியைக் கொடுக்க வேண்டும். விரல் எப்படி நிற்கிறது என்பது அவனுக்குத் தீராத அதிசயம். அங்கே மேடு இருக்கிறது என்று இவன் நினைப்பதற்குள் அது நின்றுவிடுகிறது. பிலோமினா குழந்தைகளுக்கு நரம்பு பிடிப்பதும் இப்படித்தான். குளுக்கோஸ் ஏற்ற ஊசி குத்த வேண்டும், குழந்தையோ கொழுகொழுவென்று இருக்கும், நரம்பே தெரியாது, டாக்டரே இரண்டு தடவை குத்திவிட்டுக் கையை விரித்துவிடுவார், அப்புறம் பிலோமினா சிஸ்டரைக் கூப்பிடு என்பார்கள். அவள் குழந்தையைப் பார்க்கக்கூட மாட்டாள், அதன் அம்மாவோடு பேசிக்கொண்டே விரலை வைத்துத் தேடுவாள், ஓரிடத்தில் நிற்கும், ஒரே குத்து. அடுத்த தெருவிலிருந்துகூடக் காய்ச்சல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, பிலோமினாம்மாவுக்கு எப்ப டூட்டி என்று கேட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். இப்போதெல்லாம் புதிதாகச் சேர்ந்த பெண்ணைத்தான் குத்தச் சொல்கிறாளாம். அவ கத்துக்கணும்ல, எத்தனை நாளைக்கு நானே பண்ணிக்கிட்டிருக்கிறது, என்று சாப்பிடும்போது சொன்னாள். நல்ல மனசு என்று இன்னாசி நினைத்துக்கொண்டான். நல்ல மனசுதான், யார் இல்லை என்றது, ஆனால் சொல்லிவிட்டு அவள் ஏன் ரசத்தை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியில் போகும்போது முன்பெல்லாம் தோளில் கை இருப்பதே தெரியாது, பூப்போல வைத்திருப்பாள். கொஞ்ச நாளாக நகம் பதிகிற மாதிரி இறுக்கிப் பிடிக்கிறாள், ரோட்டுல வண்டி ஜாஸ்தியாயிருச்சு, பயந்துக்கிறா போல, என்று இவன் வேகத்தைக் குறைத்துப் பார்த்தான். பிடி தளரவில்லை. பயத்தில் பிடித்த பிடியா அது. பிடித்திருக்கிறோமா இல்லையா என்று தெரியாத ஒருத்தி எப்படிப் பிடிப்பாள். இறுக்கித்தான் பிடிப்பாள். போன வாரம் படுத்திருக்கும்போது இவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே வெகுநேரம் மகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான், அவள் கையை விலக்கவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை. இவன் பிடித்திருந்தது அவளுக்குத் தெரியுமா. தையல் ஐந்தாறு ஓட்டை ஓடியிருந்தது. இத்தனையும் ஒரு உறை தைக்கிற ஆளின் கற்பனை என்று ஆகிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும், அடுத்த ஞாயிறு அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிடலாம். கற்பனையா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது. கேட்டால் ஒன்றுமில்லை என்பாள், அந்தச் சிரிப்பைச் சிரிப்பாள்.

அவள் டீயோடு வந்தாள். சாயங்கால டூட்டிக்குத் தலைவாரியிருந்தாள், சேலை இன்னும் மாற்றவில்லை. முடிஞ்சிருச்சா என்று கேட்டு, உறையைக் கையில் வாங்கி, நல்லாத்தான் இருக்கு என்று சொன்னாள், வெறும் உபசாரம் இல்லை, உண்மையாகவே பிடித்திருந்தது அவளுக்கு, அந்த மாட்டுத் தழும்பின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தாள். இது என்னங்க என்று கேட்டாள். இன்னாசி முள் கீறியது என்றான். தேய்த்த விரலில் அது தட்டுப்பட்டதா, கண்ணில் பட்டதைத்தான் கேட்டாளா. டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, கொஞ்சம் உட்கார், பின்பக்கத்து ஊசியை நீ பிடி, எனக்கு ஓட்டை சிக்கமாட்டேன் என்கிறது, என்றான். பச்சைப் பொய். உனக்குத்தான் கண்ணே வேண்டாமே, விரலை வச்சாப் போதுமே, என்று சிரிக்கவும் செய்தான், அந்தச் சிரிப்பு அவனுக்கே பிடிக்கவில்லை. அவள் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து ஊசியை வாங்கிக்கொண்டாள். விரலைப் பின்னால் விட்டாள். இன்னாசி தோலைச் சற்றுச் சாய்த்துப் பிடித்திருந்ததால் அவனுக்கு அவள் விரல் தெரிந்தது. விரல் ஓட்டையின் மேலேயே போனது. நிற்கவில்லை. திரும்பி வந்தது, மறுபடி அதன் மேலேயே போனது, நிற்கவில்லை. மூன்றாவது தடவை இன்னும் அழுத்திப் போனது. பிறகு தோலைத் தன் பக்கம் திருப்பி, கண்ணால் பார்த்து, ஊசியை விட்டாள். வெளிச்சம் பத்தல என்றாள். ஜன்னல் வெயில் முழுக்க அவள் மடியில்தான் விழுந்திருந்தது.

கண்ணை மூடு, எந்த விரலைத் தொடுகிறேன் என்று சொல், என்றான் இன்னாசி. அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம், கேம்ப்ல நாங்க பண்றதை எங்கிட்டயே பண்றீங்களா என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே வலது கையை நீட்டி அவன் முழங்காலின் மேல் மல்லாக்க வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். இன்னாசி மெழுகு தேய்த்த நூல் துண்டு ஒன்றை எடுத்தான், அதன் முனை விறைப்பாக நின்றது. அவள் கைக்கு மேலே கொண்டுபோனான். அதற்குமேல் கை இறங்கவில்லை. அவளை ஏமாற்ற வேண்டும் என்று சத்தியமாக அவனுக்கு எண்ணம் இல்லை, தொடத்தான் நினைத்தான், தொட்டுவிட்டால் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் இந்த மத்தியானத்துக்குத் திரும்பி வர முடியாது. இவ்வளவு கேள்வி கேட்டவனுக்கு ஒரு பதிலைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நூலை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தான்.

"நடுவிரல்" என்றாள் பிலோமினா.

நூல் அசையவில்லை, யாரும் எதையும் தொடவில்லை.

"இப்ப மோதிர விரல்." குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை, பரீட்சைக்கு நன்றாகப் படித்துவந்த பிள்ளை சொல்வதுபோல் சொன்னாள். "இப்ப ஆள்காட்டி விரல். சரிதானே?" கண்களை இறுக்கி மூடியிருந்தாள், இமைகள் துடித்தன.

"பிலோ" என்றான். "நான் இன்னும் தொடவே இல்லம்மா."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. பிறகு மூடிய கண்ணோடேயே அவள் சொல்ல ஆரம்பித்தாள். போன தவக்காலத்தில் சுண்டுவிரலில் தொடங்கியதாம். முதலில் படுத்த வாக்கில் மரத்தது என்று நினைத்தாளாம். அப்புறம் முழங்கைக்கு மேலே உட்பக்கம் ஒரு தேமல், ரவிக்கைக் கை மறைத்துவிடுகிற இடம், அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. சர்க்கரையா என்று பார்த்தாள், இல்லை. இல்லை என்றதும் அடுத்தது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, முழங்கை எலும்போரம் நரம்பைத் தடவிப் பார்த்தாள், தடித்திருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் அதற்கு மாத்திரை கொடுக்கிற அறை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், அங்கே உட்காருகிற டாக்டரைத் தெரியும், வாசல் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறாள். இப்போது ஆள்காட்டி விரலுக்கும் வந்துவிட்டது. குழந்தையின் கையில் தேடினால் ஒன்றுமே வரவில்லை, பஞ்சைத் தடவுகிற மாதிரி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் தெரிந்தால் பிள்ளைகளைத் தொட விடுவார்களா. பெற்றவர்கள்தான் விடுவார்களா.

"எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேங்க. மாத்திரை இருக்கும்மா, சரியாயிரும், பயப்படாதன்னு" என்றாள். "எனக்கு நானே சொல்லிக்கிட வாய் வரல."

இப்போதுதான் அவள் கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. இன்னாசிக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் இரண்டுபேரும் அழுதால் யார் பேசுவது என்று அடக்கிக்கொண்டான். நாளைக்குக் காலையில் கடைக்கு லீவு, அந்த அறைக்கு நாமிரண்டு பேரும் போகிறோம், வாசலிலிருந்து திரும்புகிற பேச்சே இல்லை, என்றான். அவள் தலையை ஆட்டினாள். கேட்பதற்கு இன்னும் ஒன்று இருந்தது, கேட்கலாமா கூடாதா என்று தயங்கி, அவன் சுபாவம், கேட்டுவிட்டான். எதுவரைக்கும் தெரியவில்லை, எங்கிருந்து தெரிகிறது. தெரியாதுங்க, நான் பார்க்கவே இல்லை, என்றாள். அத்தனை பேருக்குப் பார்த்தவள் தன் கையை ஒரு தடவைகூட அளந்து பார்க்கவில்லை.

"நான் பாக்கட்டா?"

அவள் வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை இன்னும் நீட்டினாள். அவன் நூலைக் கீழே போட்டுவிட்டுத் தன் விரலை அவளுடைய நடுவிரல் நுனியில் வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது, மெத்தென்று இருந்தது, வீட்டில் எப்போதும் பார்க்கிற கைதான். தெரிஞ்சா சொல்லு என்றான். மெதுவாக இறங்கினான். விரலின் கணுக்கள், விரலடி, உள்ளங்கை, ஆறின தையலின் கோடு. அவள் சும்மா இருந்தாள். மணிக்கட்டில் நாடி அவன் விரலுக்கடியில் துடித்தது, அவள் சும்மா இருந்தாள். அதைத் தாண்டினான். இவ்வளவு தூரம் வரவேண்டியிருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. நிறுத்திவிடலாமா என்று இருந்தது, நிறுத்தவில்லை, கையின் உட்பக்கத்தில் நிறம் வெளுத்த மிருதுவான இடத்தில் இழுத்துக்கொண்டே போனான். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, இருட்டுக்குள் யாரோ வருகிற சத்தத்தைக் கேட்பதுபோலக் காத்திருந்தாள். முழங்கைக்கு நான்கு விரற்கடைக்குக் கீழே வந்தபோது அவள் கை இலேசாகத் துள்ளியது.

"இங்க" என்றாள். "இங்க தெரியுது."

அவன் விரலை அங்கேயே வைத்திருந்தான். எடுங்கள் என்று அவளும் சொல்லவில்லை.